சாம்பல் போட்டுத் தேய்த்த பற்கள்

பல்லைப் பார்த்துப் பருவம் சொல்வது என் வேலை. குகையில் தோண்டியெடுத்த மான் பல்லை நுண்நோக்கியில் வைத்தால் மெல்லிய கீறல்கள் தெரியும். சாவதற்கு முந்தைய சில நாட்களில் அது மென்ற இரை விட்டுப்போன தடம் அது. காய்ந்த புல்லா, மழைக்குப் பிறகு வந்த தளிரா என்று தெரிந்தால், அந்தக் குகையில் மனிதர்கள் எந்த மாதங்களில் தங்கி வேட்டையாடினார்கள் என்று ஓரளவு சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, செத்த நாள் தெரிந்த விலங்குகளின் பற்கள் வேண்டும். அதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டால் வேறு இடம் ஏது? முனியாண்டி பூசை, கல்யாணம், காதுகுத்து என்று கிடா வெட்டாத மாதம் குறைவு. கொழுந்து பறித்து ஓய்ந்து லயத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாவிடம், வெட்டுகிற ஆட்டின் தாடையை வாங்கிச் சுத்தம் செய்து தேதியோடு வைக்கச் சொன்னேன்.

அம்மாவுக்கு எழுத வராது. அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துத் தாடையில் சுற்றி வைத்தாள். திரிங்காப்புக் காய்கறித் தோட்டங்களில் கழித்துப் போட்ட கோஸ் இலை தின்ற ஆடா, சரிவில் புல் மேய்ந்த ஆடா என்றுகூட விசாரித்துப் போனில் சொல்வாள். எல்லோரும் கேலி செய்தார்கள். அவள் சளைக்கவில்லை. இரண்டு வருடம் சேர்த்து, மூன்று பிஸ்கட் டின்களில் கோலாலம்பூரில் இருந்த எனக்கு அனுப்பினாள்.

பற்கள் பளிச்சென்று இருந்தன. நுண்நோக்கியில் வைத்தேன். எல்லாப் பல்லிலும் ஒரே திசையில் நெருக்கமான கோடுகள். எந்த ஆடும் அப்படி மெல்லாது. உடனே போன் போட்டேன்.

“ம்மா, பல்ல என்னா செஞ்ச?”

“அவிச்சு, சாம்பல் போட்டு நாரால நல்லாத் தேய்ச்சேன். அழுக்கா அனுப்புனா, எஸ்டேட்டு ஆளுங்க சுத்தமில்லன்னு ஒங்க துரைமாருங்க நெனைக்க மாட்டாங்களா?”

இரை விட்ட கீறல்களைச் சாம்பல் அழித்துவிட்டது. பிழை என்னுடையது. சுத்தம் செய் என்று சொன்னவள் நான்தான். எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் சாம்பலும் நாரும் என்பது எனக்குத் தெரியாததா?

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன! ரெண்டு வருசம் பாழாப் போச்சு லா!” என்று கத்தினேன். பெற்றவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. அம்மா, “சரி, இனிமே நான் தொடல” என்றாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுப் புத்திகூட இருக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சதையும் ரத்தமுமாகத் தாடைகள் பஸ்ஸில் வந்தன. நாற்றம் தாங்காமல் மூக்கைக் கட்டிக்கொண்டு பிரித்தேன். ஆனால் கீறல்கள் அப்படியே இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. போன் போட்டால் தாடையைப் பற்றித்தான் பேசினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. தீபாவளிக்குப் போகும்போது நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தீபாவளிக்கு முன்பே அம்மா போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டு, நான் மலை ஏறி வருவதற்குள் உயிர் போயிருந்தது. அம்மா கடைசியாக அனுப்பிய தாடையை அதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்த்து முடித்திருந்தேன். அந்த ஆடு தன் கடைசி வாரத்தில் இளந்தளிராகத் தின்றிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அம்மா கடைசி வாரம் என்ன சாப்பிட்டாள் என்று அக்காவிடம் கேட்டேன்.

“என்னாத்த சாப்ட்டுச்சு? சோறு எறங்கல. கஞ்சித் தண்ணிதான், அதயும் கக்கிருச்சு. பிரிஞ்சாங் கிளினிக்குக்குப் போலாம்னேன், வரல. சரி, மகளுக்காவது போன் போடுறேன்னேன். ‘வேணாம், அது வேலையா இருக்கும், ஏசும்’னுச்சு.”