எடெல்மிராவை நாங்கள் போகவிடவில்லை

எங்கள் ஊரில் தொப்புள்கொடியை அறுத்தவள் பிள்ளைக்கு ஞானத்தாய். பெற்றவளுக்குக் கொமாத்ரே, கூடப்பிறக்காத சகோதரி. அதற்குப் பிறகு இருவருக்குள்ளும் 'நீ' கிடையாது, 'நீங்க'தான். கொமாத்ரே கேட்டதை மறுத்தால் மலைச்சாமி பொறுக்காது. சுகாதார நிலையத்து உதவி நர்ஸ் எடெல்மிராவுக்கு ஊரில் பாதி வீடு கொமாத்ரேதான். அவளைக் கட்டிப்போட வேறு கயிறு எதற்கு?

குஸ்கோ நகரத்தில் நர்ஸிங் பட்டப்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. முந்தைய இரண்டு வருடமும் கிடைத்ததுதான். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து அழுது நிறுத்திவிடுவாள். இந்த முறை வந்தவள் சத்துர்னினா. என் கடை வாசலில்தான் பேசினார்கள்.

"கார்னிவல் திருவிழா முடிஞ்சதும் வகுப்பு தொடங்குது, கொமாத்ரே."

"எனக்கும் அப்பதான் நாள். மழையில ரோடு சரிஞ்சு கிடக்கும். மூத்ததை நீங்கதான் வாங்கினீங்க, இதையும் வாங்கிட்டுப் போங்க."

"அதுக்குள்ள இடம் போயிடும்."

"பட்டம் வாங்கி என்ன புதுசா செய்யப்போறீங்க? இப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியுதே."

எடெல்மிரா சிரித்தாள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? "தெரியாததும் இருக்கும்" என்றாள்; ஆனால் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடம் மழை விடவேயில்லை. ஆற்றில் கல் உருளும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. சத்துர்னினாவுக்குக் காலும் முகமும் வீங்கின. எடெல்மிரா பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை. பிரசவம் சுலபமாக முடிந்தது. பெண் குழந்தை. கண்டம் தாண்டியாயிற்று என்று சோளக்கள் குடித்தோம்.

பெற்றவளைக் குளிர் தொடக்கூடாது. கதவிடுக்கில் துணி அடைத்து, தலையைச் சுற்றிக் கட்டி, கைகால் தெரியாமல் கம்பளியில் மூடி வைப்போம். மறுநாள் தலை பிளக்கிறது, கண்முன்னே பொறி பறக்கிறது என்றாள் சத்துர்னினா. குளிர் ஏறிவிட்டது என்றோம். எடெல்மிராவும் எங்கள் ஊரில் பிறந்தவள்தானே. கம்பளிக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்துப் பிரஷர் பட்டையைச் சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் பிரஷர் ஏறிக் கொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

சாயங்காலம் வலிப்பு வந்தது. ரோடு சரிந்த இடத்தில் கணவன் எலுத்தேரியோவும் மற்ற ஆண்களும் அவளைத் தோளில் சுமந்து சேற்றில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?" கூடப் போன எடெல்மிரா, பிரசவத்துக்கு முன்னால் பார்த்த அளவைத்தான் சொன்னாள். விடிவதற்குள் சத்துர்னினா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும் எலுத்தேரியோ எடெல்மிராவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"குளிர் கொண்டுபோயிடுச்சு, கொமாத்ரே. நீங்க இருந்ததால பிள்ளையாவது தங்குச்சு. எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க."

"குளிர் இல்லை. நான் கையைத் திறந்து பார்த்திருக்கணும். எனக்குத் தெரியலை."

அவன் பிடித்த கையை விடவில்லை. ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருட இடம் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி இடம் கிடைத்தது; கார்னிவல் முடிந்ததும் மூட்டை கட்டினாள். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வழியனுப்ப நான் மட்டும் போனேன். என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம், கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சுகாதார நிலையத்துக்கு வேறு ஆள் போடவில்லை. எடெல்மிரா பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள்.

"ஏறும்மா, வண்டி கிளம்புது" என்றேன்.

பஸ் வளைவில் மறைந்ததும் மகளுக்கு மிச்சமிருக்கும் நாளை விரல் மடக்கி எண்ணினேன். இன்னும் நாள் இருக்கிறது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.