வெள்ளிக்கிழமைத் தலைவலியோடு ஆனைமலைக்கு

சிங்காநல்லூரில் என் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பாடம் நடக்காது. வாத்தியாரம்மாவான எனக்கு ஒற்றைத் தலைவலி. "பள்ளி திறந்த பிறகும் இப்படி லீவு கேட்டால் வேறு ஆளைப் பார்ப்போம்" என்று மானேஜர் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். பயந்துபோய், கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு நாட்டு மருந்துக்கடையைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள்; மாசாணியம்மனையும் கும்பிடலாம்.

போத்தனூர் வரை மாட்டுவண்டி, நாலணா. ஏழரை மணி ரயில் ஒன்பதுக்குப் பொள்ளாச்சி சேர்ந்தது. அங்கிருந்து ஒன்பது மைல், பஸ்ஸுக்கு மூன்றணா. எப்போது எடுப்பீர்கள் என்று டிரைவரைக் கேட்டேன். "இன்னும் நாலு பேரு வரட்டுங்க அம்மணி" என்றார். அந்த நாலு பேர் வர முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் இடது நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது.

கடைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

"காலைல என்னங்க சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கிழமை விரதமுங்க."

"எதுக்குங்க விரதம்?"

"இந்தத் தலைவலி போகோணும்னுதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. எப்போதாவது வந்த வலி, வேண்டுதலுக்குப் பிறகுதான் வாரம் தவறாமல் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"மொதல்ல இந்தக் கம்பங்கூழைக் குடிச்சுப்போடுங்க" என்றார். பிறகு சுக்கு, மல்லி, சீரகம் இடித்த பொடியைப் பொட்டலம் கட்டினார். "வலி வந்தப்பறம் தேடாதீங்க. தெனமும் காலைல சாப்பிட்டுப்போட்டுக் கஷாயம் குடிங்க."

"அம்மனுக்கு நேந்த விரதமுங்களே?"

"அதை அம்மன்கிட்டயே கேட்டுப்போடுங்க."

கோயிலுக்குப் போய்க் கேட்டேன். விரதத்துக்குப் பதிலாக வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறேன் என்று மன்றாடினேன். அழுகையும் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் நிழல் பக்கம் உட்காருங்கள். பொடி இரண்டணா, ஒரு மாதம் வரும். எல்லார் தலைவலிக்கும் இதுதான் மருந்து என்று சொல்ல நான் வைத்தியச்சி அல்ல. கண் மங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

பள்ளி திறந்து எட்டு வெள்ளிக்கிழமைகள் ஆகின்றன. இரண்டு தடவை வலி எட்டிப் பார்த்தது, லீவு கேட்கவில்லை. போன வெள்ளி மூன்று மணிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் தேறாமல் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கும் முன்பெஞ்சு ராமாத்தாள் எழுந்து, வருத்தத்தோடு கேட்டாள்:

"இன்னைக்கும் தலை வலிக்கலீங்களா டீச்சர்?"