ஏழாம் மாடி வின்னியும் எழுபதாம் ஆண்டு விழாவும்

வினிஃப்ரெட் ஆக்டன், எங்களுக்கு வின்னி, எங்கள் நாட்டு அரசி பிறந்த அதே நாளில் பிறந்தாள். அது அவள் செய்த குற்றமில்லை. ஆனால் அதற்கான தண்டனையைத் தொண்ணூற்றாறு வயது வரை அனுபவித்தாள்.

அரசியின் ஆட்சிக்கு வெள்ளி விழா வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அவள் கையில் ஒரு பீங்கான் குவளையைக் கொடுத்துப் படம் எடுத்தான். பொன் விழாவுக்குக் கேக். வைர விழாவுக்குக் கொடி. ஒவ்வொரு தடவையும் படத்தின் கீழே 'அரசியின் ஜோடி' என்று போட்டார்கள். பதினாலு வயதில் நூல் மில்லில் சேர்ந்து, மில் மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறையில் அறுபத்தைந்து வயது வரை அண்டா கழுவினாளே, அதைப் படம் எடுக்க ஒருவனும் வந்ததில்லை.

கிரான்லி கோர்ட் கட்டிடத்தின் ஏழாம் மாடியில், அதாவது உச்சி மாடியில், அவள் வீடு. கட்டிடம் புதிதாக இருந்தபோது புருஷன் ஸ்டானோடு வந்தவள். ஸ்டான் போய் முப்பது வருஷம் ஆகிறது. நான் அவளுக்கு நேர் கீழே, ஆறாம் மாடி. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன், பெயர் டெரெக்.

அக்டோபரில் லிஃப்ட் நின்றது. 'உதிரிபாகம் வரவழைக்கப்படுகிறது' என்று கட்டிடத்தின் சொந்தக்காரரான நகரக் கவுன்சில் ஒரு தாளை ஒட்டியது. கிறிஸ்துமஸ் போனது, ஈஸ்டர் போனது, தாள் மட்டும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உண்மை எல்லோருக்கும் தெரியும். கட்டிடத்தைக் காலி செய்து இடத்தை விற்க அவர்களுக்கு ஆசை. வெளியே போ என்று சொன்னால் வழக்கு வரும். லிஃப்டை நிறுத்திவிட்டால் கிழடுகள் தாமாகவே போய்விடும். நாலாம் மாடிக் கிழவர் பில்லிங் அப்படித்தான் போனார். இரண்டு வாரம் முதியோர் இல்லத்தில் இருந்துவிட்டு வாருங்கள் என்று அழைத்துப் போனார்கள். மூன்றாம் வாரம் அவர் வீட்டுக் கதவில் இரும்புத் தகடு அடித்தார்கள்.

வின்னியையும் கேட்டார்கள். தோட்டம் இருக்கிறது, பியானோ இருக்கிறது என்று வண்ணப் படம் காட்டினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வீட்டில்தான் சாவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அக்டோபரிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை. ரொட்டியும் பாலும் தேயிலையும் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

மே மாதம், கவுன்சிலின் விழாப் பிரிவிலிருந்து ஹிலரி என்ற பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். நான் அப்போது வின்னி வீட்டில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுபது வருஷம்மா! இந்த நாட்ல இதுவரைக்கும் யாருமே இவ்வளவு நாள் ஆண்டதில்ல. நீங்கதான் கேக் வெட்டணும். மேயர் வர்றார்."

"லிஃப்ட் ஓடுதா?"

"அது வேற டிபார்ட்மென்ட்ம்மா. உங்களை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வர ரெண்டு ஆளு ஏற்பாடு பண்றோம். ராணி மாதிரி வரலாம்."

"எறக்குவீங்க. ஏத்துவீங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

அவள் போனதும் நான் சொன்னேன்: "வின்னிம்மா, போகாதீங்க. 'பாத்துக்கலாம்'னு சொன்னவன் எவனும் பாத்துக்கிட்டதா சரித்திரமே கிடையாது."

செய்தி படிக்கட்டில் பரவியது. அஞ்சாம் மாடி ஜோயல், தாடி வைத்த மாணவன், கதவைத் தட்டி வந்து சொன்னான்: "போகக் கூடாது. பகிஷ்கரிக்கணும். ஓசியில வாழற கும்பலுக்கு நாம ஏன் கை தட்டணும்?" மூன்றாம் மாடி மோரீன் வீட்டுச் சுவர் முழுக்க அரச குடும்பத்துப் படம் போட்ட தட்டுகள். அவள் படியில் நின்று கத்தினாள்: "கூப்பிட்டா போக வேண்டியதுதானே! ராணியம்மா இந்த வயசுலயும் வேலை பாக்கறாங்க. இவளுக்கு மாடி எறங்க வலிக்குதாமா?"

வின்னி இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. "எட்டு மாசமா புல்லை மிதிக்கலடா டெரெக். பேய் கூப்பிட்டாலும் போவேன்" என்றாள்.

விழா வியாழக்கிழமை. வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாட்டுக்கே விடுமுறை. கூலிக்கு வந்த இரண்டு ஆட்கள் வார்ப்பட்டை போட்ட நாற்காலியில் அவளை இருபது நிமிஷத்தில் இறக்கினார்கள். கீழே நீள மேசை, தோரணம், வெள்ளரிக்காய் சாண்ட்விச், தூறல். அவள் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் காலை வைத்தாள். கொஞ்ச நேரம் யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் ஹிலரி ஓடி வந்து அவள் தலையில் ஒரு அட்டைக் கிரீடத்தை வைத்தாள். கழுத்தில் பதவிச் சங்கிலி தொங்க மேயர் பக்கத்தில் வந்து நின்று பல்லைக் காட்டினார்.

"அரசிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றான் படம் எடுக்க வந்தவன்.

"அவளும் கிழவி, நானும் கிழவி" என்றாள் வின்னி. "ரெண்டு பேரையுமே சும்மா உக்கார விட மாட்டேங்கறீங்க. அவளை அரண்மனை மாடத்துல நிறுத்தறீங்க, என்னைத் தூக்கிட்டு வந்து இங்க வெக்கறீங்க. ஒரே ஒரு வித்தியாசம். அவ வீட்ல லிஃப்ட் ஓடுது."

சிலர் சிரித்தார்கள். சிலர் "ச்சீ" என்றார்கள். "நன்றி கெட்டவ! சோறு போட்ட கையைக் கடிக்கறா" என்று மோரீன் தட்டை மேசையில் அறைந்தாள். "எவடி எனக்குச் சோறு போட்டா? நான் அண்டா கழுவித் தின்னேன்" என்றாள் வின்னி. மேயர் கண் காட்ட, யாரோ தேசிய கீதத்தை ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் சாண்ட்விச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜோயல் வேண்டுமென்றே வாய் நிறைய மென்றான்.

மூன்று மணிக்கு மழை வலுத்தது. மேயர் காரில் ஏறினார். மேசைகளை மடித்தார்கள். நாற்காலிக்காரர்களைத் தேடினேன், காணோம்.

ஹிலரி தன் தாளைப் புரட்டினாள். "எறக்கறதுக்கு மட்டும்தான் ஆர்டர் போட்டிருக்கு. ஏத்தறதுக்குப் போடலை. லீவு நாள், ஆபீஸ்ல யாரும் இல்லை."

"நாங்க நாலு பேர் சேந்து தூக்கறோம்" என்றேன்.

"ஐயோ, கூடாது! நீங்க கீழ போட்டுட்டா யார் பொறுப்பு?" என்று பதறிவிட்டு வின்னி பக்கம் குனிந்தாள். "பாருங்கம்மா, இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்காம். நாலே நாள். திங்கக்கிழமை பேசிக்கலாம்."

தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாலு நாள் என்றால் என்ன என்று எங்கள் கட்டிடத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வின்னி கிரீடத்தைக் கழற்றி ஹிலரி கையில் கொடுத்தாள். கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"டெரெக், ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்க. இனிமே என்னை எவனும் தூக்க வேணாம்."

ஏழு மாடி. மாடிக்குப் பதினாறு படி. அவள் கைப்பிடியைப் பற்றி ஒரு காலை வைப்பாள், மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவருவாள், மூச்சு விடுவாள். நான் நாற்காலியோடு பின்னால் நின்றேன். அவள் விழுந்தால் நானும் உருள வேண்டியதுதான்.

முதல் மாடியில் ஒரு வீட்டில் டிவியில் ராணுவ அணிவகுப்பு அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அந்த ஆள் எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இரண்டாம் மாடியில் டெஸ்மண்ட் தண்ணீர் கொண்டுவந்தார். ஜமைக்காவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். திறந்த கதவு வழியே அரசியின் பழைய படம் ஒன்று தெரிந்தது.

"நீயுமா?" என்றாள் வின்னி.

"எங்கம்மா மாட்டினது. நம்ம அரசி ஊருக்குப் போறோம்னு சொல்லித்தான் என்னைக் கப்பல்ல ஏத்தினாங்க. இங்க வந்து வாடகைக்கு வீடு கேட்டா, எவ அரசி உனக்குன்னு மூஞ்சியில கதவைச் சாத்தினாங்க."

"அப்புறம் ஏன் வெச்சிருக்க?"

"கழட்டினா செவுத்துல கறை தெரியும்" என்றார் டெஸ்மண்ட். சிரிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் மோரீன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வின்னி அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது, நாற்காலியை விரித்தேன்.

"அசிங்கப்படுத்திட்டியே" என்றாள் மோரீன். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு மூணு மணிக்கு டிவியில வருஷம் தவறாம எங்கிட்ட பேசறது அந்தம்மா ஒருத்திதான். நான் பெத்த புள்ள போன் பண்ண மாட்டான்."

"அவ உங்கிட்ட பேசல மோரீன். கேமராகிட்ட பேசறா."

மோரீன் எங்கள் முகத்தில் கதவைப் படாரென்று சாத்தினாள். உண்மையாகவே இருந்தாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. வின்னி அப்படி நினைத்த மாதிரி தெரியவில்லை.

நாலாம் மாடியில் பில்லிங் வீட்டு இரும்புத் தகட்டின் எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். தகட்டைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

அஞ்சாம் மாடியில் ஜோயல் செல்போனை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். "சூப்பர்ம்மா! இது போராட்டம்! உலகமே பாக்கணும்!"

"போனை உள்ள வை. நான் வீட்டுக்குப் போறேன். உன் போராட்டத்துக்கு வேற கிழவியைத் தேடிக்க."

அவன் முகம் சிவந்து போனை இறக்கினான். ஆறாம் மாடியில், இன்று என் வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவள் அடுத்த படியில் காலை வைத்தாள். தன் கதவைத் திறந்தபோது மணி எட்டு, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் குனிந்து அவள் செருப்பைக் கழற்றினேன். பாதம் வீங்கிப் பட்டை பதிந்திருந்தது. "டீ போடுடா" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, அவளைப் பெற்ற தாய்க்குக்கூட இருந்திருக்காது.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. திங்கட்கிழமை பத்திரிகைக்காரன் போன் செய்தான். சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவளையும் சேர்த்துக் கெடுத்தேன். தொண்ணூற்றாறு வயது, ஏழு மாடி, நூற்றுப் பன்னிரண்டு படி, யார் உதவியும் இல்லாமல் தன் காலாலேயே ஏறினாள் என்று வாய் வலிக்கச் சொன்னேன். 'அரசியின் ஜோடிக்கு இரும்புக் கால்கள்' என்று பெரிதாகப் போட்டான்.

மூன்றாம் வாரம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அவள் கண்ணாடி உடைந்திருந்ததால் நான் படித்தேன். தங்கள் உடல்திறன் பற்றிப் பத்திரிகை வாயிலாக அறிந்து மகிழ்கிறோம். தங்களால் மாடிப்படியைப் பயன்படுத்த இயல்வதால், அவசரத் தேவை உள்ளோர் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்படுகிறது. லிஃப்ட் பழுது அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்.

"பேப்பர்காரன்கிட்ட யார்டா சொன்னது?"

"நான்தான்."

"எத்தனை படின்னு எண்ணி வேற சொல்லியிருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே வந்து சமையலறையில் தனியாக நின்று அழுதேன்.

செப்டம்பரில் அரசி இறந்தார். மோரீன் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. ஜோயல் பாட்டில் திறந்தான். வின்னி செய்தியைக் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தாள். "பாவம், இனிமேயாவது விடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரியில் அவள் தன் வீட்டில், தன் கட்டிலில் இறந்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களால் அவளை ஜெயிக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. நாலு ஆட்கள் சவப்பெட்டியைப் படி வழியாக இறக்கினார்கள், திருப்பங்களில் அவளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில், அடுத்த மாதம் நடக்கவிருந்த புது அரசரின் முடிசூட்டு விழாவுக்காக, மொட்டை மாடியில் பெரிய கொடிக்கம்பம் நட வேண்டுமாம். அதன் அடிக்கு வைக்கும் சிமென்ட் கட்டைகளைப் படியில் ஏற்ற முடியாதாம். இரண்டே நாளில் லிஃப்டைச் சரிசெய்தார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது கீழே அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் கட்டைகளோடு நின்றிருந்தார்கள்.

"ஏழாவது மாடிக்குப் போறோம் சார். வர்றீங்களா?" என்றான் ஒருவன்.

"அங்க எனக்கு யாரும் இல்லப்பா" என்றேன்.