குழியோடு ஒரு நாழி

நுகர்வோர் சட்டம் பற்றி இன்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு என் மதினி ஞாபகம்தான் வரும். திருநெல்வேலியிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் மலையாளச் சீமைக்கு வந்தவள்.

யுத்த காலம். சாலைக் கடைத்தெருவில் ரேஷன் அரிசிக்கு நானும் அவளும் வரிசையில் நின்றோம். முத்திரை இல்லாத நாழியால் அளந்தால் தண்டனை என்று சர்க்கார் சட்டம் இருந்தது. கடைக்காரரின் பித்தளை நாழியில் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

அன்று மழை. கவிழ்த்து வைத்திருந்த நாழியின் அடித்தட்டின் மேல் கூரைத் தண்ணீர் சொட்டித் தேங்கி நின்றது. மதினி அதையே பார்த்தாள்.

“அண்ணாச்சி, அடி வெளிய குழிஞ்சிருந்தா உள்ள மேடால்லா இருக்கும்?”

“சர்க்கார் முத்திரை காணலையோ, சேச்சி?” என்று அவர் முறைத்தார்.

“முத்திரை சர்க்கார் குத்தினது. குழி நீங்க தட்டினது. நாழிய அளந்து போட்டுட்டு, கவுத்தி அந்தக் குழியையும் நிரப்பிப் போடுங்க.”

குரலை உயர்த்தவேயில்லை. அவர் போட்டார், போடாமல் என்ன செய்வார்? பின்னால் நின்ற ஒவ்வொருத்தியும் பையை நீட்டி, “எனக்கும் குழியோட” என்றாள்.

அடுத்த வாரம் புது நாழி வந்திருந்தது. எங்களைக் கண்டதும் கடைக்காரரே அதைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் வழிந்துவிட்டது. மதினி தலையாட்டினாள். பிறகு நாழியைக் கையில் வாங்கி, உள்ளேயும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையை விரித்தாள்.