அம்மாவின் கிளி பார்த்த பக்கம்

அம்மா இறந்த பிறகு, காரைக்குடியில் ஒரு மண்பாண்டப் பட்டறையில் கோப்பைகளில் படம் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். மெல்லிய தாளில் அச்சடித்த படத்தை ஈரம் காயாத கோப்பையில் ஒட்டித் தடவி, தாளை உரிக்க வேண்டும். அம்மா வாசலில் போட்ட கிளிக்கோலத்தை அப்படி ஏற்ற நினைத்தேன். போனில் இருந்தது ஒரே படம், கோலத்தோடு அம்மாவும் நானும் எடுத்த செல்ஃபி.

அதில் கிளி இடப்பக்கம் பார்த்தது. தாளை உரித்தால் கோப்பையில் வலப்பக்கம் பார்த்தது.

"தாளு திருப்பித்தான்டி போடும்," என்றார் கூடக் கற்றுக்கொண்ட அக்கா. "செல்ஃபியும் திருப்பித்தான் காட்டும். அப்ப சரியாப்போச்சுல்ல?"

"எல்லா போனும் திருப்பாதுக்கா. எடுத்த பழைய போனும் இப்ப இல்ல, சோதிச்சுப் பாக்க."

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். "தெனமும் தாண்டித்தானே போனீக, கிளி எங்குட்டுப் பாத்துச்சு?"

"மிதிச்சுறக் கூடாதேன்னு என் கால‌த்தான் பாத்தேன் ஆத்தா," என்றார்.

சின்ன வயதில் அம்மாவோடு கோலம் போட்ட கைக்காவது தெரிந்திருக்கும் என்று, மறுநாள் இன்னொரு கோப்பையில் யோசிக்காமல் தூரிகையால் வரைந்தேன். கிளி இடப்பக்கம் பார்த்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "போனையே பாத்துப் பாத்துக் கை பழகிருச்சோ என்னமோ."

அப்படியும் இருக்கலாம். எது அம்மாவுடையது என்று தெரியாமல் இரண்டையும் சூளைக்குக் கொடுத்தேன்.