கம்பெனி தீர்த்துவைத்த பிரச்சினை

பிரச்சினையையும் தீர்வையும் சொல்லும் கட்டுரையை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். அந்தப் பாடத்தை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

பாதுகாப்பு வாரம் என்று தொழிலாளர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எங்கள் அறையில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. அது நாலு பேர் உட்கார்ந்து மருந்து அடைக்க வேண்டிய அறை. சீசன் வந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். நாலு பேருக்குத்தான் ரெஜிஸ்டரில் பேர் உண்டு. மற்றவர்களுக்குக் கூலி உண்டு, பேர் கிடையாது. நானும் என் அக்காவும் பேர் இல்லாத கூட்டம்.

அக்காவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. காலை நீட்டிச் சாய்ந்துகொள்ள வசதியாக, வாசலை விட்டுத் தள்ளி உள்சுவரோரம் போய்விடுவாள். ஒரு பொறி விழுந்தால் மற்றவர்கள் ஓடலாம். அத்தனை பேரைத் தாண்டி அவள் வெளியே வர முடியாது. அந்தப் பயத்திலேயே எனக்குச் சோறு இறங்காது.

அதைத்தான் எழுதினேன். பிரச்சினை, நெரிசல். தீர்வு, நாலு பேர் அறையில் நாலு பேரை மட்டும் வைத்துவிட்டு மற்றவர்களுக்கு வேறு அறை கட்டுவது. போர்மேன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்க தாயி. நாலு பேர வச்சு சீசன் லோடு அனுப்ப முடியுமா? நடக்காத காரியத்த எழுதுனா அது தீர்வே இல்ல."

"நெசமான பிரச்சினை இதுதான அண்ணாச்சி?"

"நெசத்த யாரு கேட்டா? கம்பெனி ஏற்கெனவே தீர்த்துவச்ச பிரச்சினையாப் பாத்து எடு. எழுத லேசா இருக்கும்."

அந்தப் பிரச்சினையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பாலியஸ்டர் சேலை உரசினால் பொறி வரும். தீர்வு, கம்பெனி தரும் பருத்திச் சட்டை. அந்தச் சட்டைகள் ஆபீஸ் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தன. நடுவில் காரணம் என்று ஒரு பத்தி வேண்டுமாம். "தொழிலாளியோட கவனக்குறைவுன்னு போடு. யாரும் மறுத்துப் பேச மாட்டாக" என்றார். மாட்டேன் என்றால் அக்காவுக்கும் சேர்த்து வேலை போகும். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

முதல் பரிசு அதற்குத்தான். பரிசு கொடுக்க ஓர் அதிகாரி வந்தார். அதிகாரி வந்தால் பேர் இல்லாதவர்கள் எல்லாம் பின்பக்கம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். பழக்கதோஷத்தில் போர்மேன் அன்றைக்கும் எங்களை விரட்டிவிட்டார். பரிசு வாங்க வேண்டியவளும் அந்தக் கூட்டத்தில் போய்விட்டாள் என்பது மைக்கில் கூப்பிடும்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ரெஜிஸ்டரில் பேர் உள்ள ஒருத்தியைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்.

ஊரே வெளிக்குப் போகும் காடு அது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கட்டுரையை அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டேன். கவனக்குறைவு என்ற இடத்தில் கை தட்டினார்கள். அக்காவால் குந்த முடியாது. முள்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், இது நீ எழுதுனதுல்ல?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

கூட்டம் முடிந்து அதிகாரி அறை அறையாகப் பார்த்து வந்தார். மர இடுக்கு வழியாக எங்கள் அறை தெரிந்தது. உள்ளே நாலே பேர், ஆளுக்கொரு பக்கம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். வாசலை மறித்து ஒருத்தரும் இல்லை. நடக்காத காரியம் என்று போர்மேன் சொன்னது, அந்த அதிகாரி நின்ற நேரம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் போர்மேன் எங்களைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் முன்னால் அக்காதான் காலை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். பிந்தினால் உள்சுவரோரம் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களாம்.