விருந்தினர் வரும்வரை

நோட்டீசில் ஆட்டம் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தது. நான்கு மணிக்கு இரண்டு அணிகளும் தயார், மத்தியஸ்தரும் தயார். பிரதம விருந்தினர் மட்டும் வரவில்லை.

நான் அப்போது உதைபந்தாட்ட லீக்கின் செயலாளர். எங்கள் பக்கத்து இறுதிப் போட்டிகளில் விருந்தினர் கை கொடுக்காமல் பந்து உருளாது. அவர் எந்த நேரமும் வரக்கூடும் என்பதால் வீரர்கள் வரிசையிலேயே நிற்க வேண்டும். இது எந்த விதிநூலிலும் இல்லை. அதனால்தான் ஒருவரும் மீறுவதில்லை.

நீலச் சட்டை அணியின் பயிற்றுநர் பெனடிக்ற் பிரான்சில் பிறந்தவர், தாய் எங்கள் குருநகர்க்காரி. பிரான்சிலேயே ஒரு சிறிய கழகத்தில் பின்கள வீரராக ஆடி, முழங்கால் போனபின் பயிற்றுநரானவர். வெயில் சாயத் தொடங்கியதும் மேடைக்கு வந்தார்.

"அண்ணை, பெடியளைத் திருப்பியும் ஒருக்கா ஓடி உடம்பைச் சூடாக்க விடுங்கோ. கால் விறைச்சுப் போச்சு. என்ரை முழங்காலும் இப்பிடித்தான் போனது."

லீக் தலைவர் சிரித்தார். "இது பிரான்ஸ் இல்லைத் தம்பி. அவர் வரேக்கை வரிசை கலைஞ்சிருந்தால் எங்கடை மரியாதை என்னாகிறது?"

"ஆட்டத்தைத் தொடங்கிறது மத்தியஸ்தரின்ரை வேலை, மேடையின்ரை இல்லை" என்றேன். மத்தியஸ்தர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். விசில் பையிலேயே இருந்தது.

விருந்தினர் ஒருவாறு வந்தார். உடற்பயிற்சியின் அவசியம் பற்றி நீண்ட நேரம் பேசினார். பெனடிக்ற் சைகை காட்ட, நீலச் சட்டைகள் நின்ற இடத்திலேயே துள்ளத் தொடங்கினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பறித்தார்.

"நீலச் சட்டை, ஆடாமல் நில்லுங்கோ!"

அணித்தலைவன் றெஜி முதலில் நின்றான். கடற்தொழிலாளி, மரியாதை தெரிந்தவன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் நெடும்பந்துக்குத் திரும்பிய றெஜி அப்படியே விழுந்தான். பக்கத்தில் எதிரணிக்காரர் ஒருவருமில்லை. முழங்கால் கிழிந்துவிட்டது. இன்றுவரை அவனால் வள்ளம் தள்ள முடியாது.

அந்த வாரமே பெனடிக்றை நீக்கினார்கள். குற்றம்: விருந்தினரை அவமதித்தது. எழுத்தில் முறைப்பாடில்லை, விளக்கம் கேட்கவில்லை. முறைப்படி இதைச் செய்ய முடியாது என்றேன். "முறையை விடுங்கோ ஐயா" என்றார் தலைவர். நானும் லீக்கை விட்டேன்.

இப்போதும் விதி கேட்டு என்னிடம் வரும் புதிய மத்தியஸ்தர்களுக்கு ஒன்று சொல்வேன். மேடையைப் பார்க்காதீர்கள், வீரர்களின் கால்களைப் பாருங்கள்.

இம்முறை இறுதிப் போட்டிக்கு என்னையே பிரதம விருந்தினராக அழைக்க அதே தலைவர் வந்தார்.

"நாலு மணிக்குத் தொடங்குங்கோ. நான் ஆறுதலா, பிந்தி வாறன்" என்றேன்.

"விருந்தினர் இல்லாமல் எப்பிடி ஐயா தொடங்கிறது?"

"றெஜி இல்லாமல் தொடங்கிறியள்தானே."